நடக்காதவற்றின் பட்டியல்

அமலோற்பவம் ரோந்து போன ஒன்பது வருடத்தில், கோரைக்குளம் காவல் நிலையத்துக்கு உட்பட்ட ஏழு ஊர்களில் நடக்காமல் போன கொலைகள் நான்கு என்றது இயந்திரம். நடக்காத தீவைப்பு பதினொன்று. நடக்காத அடிதடி இருநூற்று எட்டு. களவு போகாத ஆடுகளுக்குத் தனிப் பக்கம் ஒதுக்கியிருந்தது.

"ஆட்டுக்கும் காசு உண்டா?" என்று கேட்டான் ஜீப் ஓட்டும் காவலர் பூவலிங்கம்.

"உண்டு சார். ஆனா ரொம்பக் கம்மி," என்றாள் நிரஞ்சனா.

"பாத்தீகளாக்கா? நாம பாட்டுக்கு வண்டிய ஓட்டிக்கிட்டுக் கெடந்தோம். இம்புட்டு வேல பாத்திருக்கோம்."

அமலோற்பவம் சிரிக்கவில்லை. தலைமைக் காவலர் வேலையில் இன்னும் இரண்டு வருடம் பாக்கி. காலையில் போட வேண்டிய ரத்தக்கொதிப்பு மாத்திரையை இன்றும் மறந்திருந்தாள். காவல் நிலையத்தின் பின்பக்க அறையில், பறிமுதல் செய்த மோட்டார் சைக்கிள்களின் துரு வாசனைக்கு நடுவே, மூவரும் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். நிரஞ்சனா சென்னைக்காரி, பலன் நிதி என்ற அமைப்பின் களப் பொறுப்பாளர். இருபத்தேழு வயதிருக்கும். எதிரில் இருப்பவரின் முகத்தைப் பார்த்துப் பேசுகிற பெண். அதனாலேயே அமலோற்பவத்துக்கு அவள்மேல் கோபப்பட முடியவில்லை.

வழக்கு குறைந்த வட்டங்களில் ரோந்து வண்டிக்கு அரசு பணம் தருவதை நிறுத்தப்போவதாக அறிவித்து ஒரு வருடமாகியிருந்தது. வண்டி வேண்டுமென்றால் ஊர்களே வழி தேட வேண்டும். முதல் வழி, வீட்டு வரியோடு காவல் வரி. கிராம சபையில் அது ஐந்து நிமிடம்கூட நிற்கவில்லை. "களவு போறதுக்கு வீட்ல என்னய்யா இருக்கு, காவல் காக்க?" என்று ஒருவர் கேட்க, சிரிப்போடு தீர்மானம் விழுந்தது. இரண்டாவது வழி, சூரியத் தகடு போட்டிருக்கும் கம்பெனி வண்டிச் செலவை ஏற்பது. பக்கத்து வட்டத்தில் அப்படித்தான் செய்தார்கள். அங்கே ரோந்து வண்டி நாள் முழுக்கக் கம்பி வேலியைச் சுற்றி வந்தது. அடி தாங்காமல் ஒரு பெண் கூப்பிட்டபோது, தகட்டுப் பக்கம் ஆடு புகுந்துவிட்டது, அதை விரட்டிவிட்டு வருகிறோம் என்று பதில் போனது.

மூன்றாவது வழிதான் நிரஞ்சனா.

"நடந்த குத்தத்த நிரூபிக்கவே நாங்க கோர்ட்டு வாசல்ல தவம் கெடக்கோம். நடக்காதத எப்படிம்மா நிரூபிப்பீக?" என்று கேட்டாள் அமலோற்பவம்.

"ஒரு கொலை நடந்தா அரசாங்கத்துக்கு எவ்வளவு செலவுன்னு யோசிங்க மேடம். கோர்ட், ஜெயில், அநாதையாகுற பிள்ளைங்க. அது நடக்காம நின்னா அந்தச் செலவு மிச்சம். மிச்சத்துல ஒரு பங்க அரசாங்கம் எங்களுக்குத் தரும். அதுல உங்க வண்டி ஓடும். எது நடக்காம நின்னுச்சுன்னு இயந்திரம் சொல்லும். ஆஸ்பத்திரிப் பதிவு, பாதியில நின்ன போன், கடையில என்ன வாங்கினாங்க, எல்லாத்தையும் படிக்கும். அப்புறம் உங்க பட்டாப் புத்தகம்."

பட்டாப் புத்தகம் என்பது ரோந்து போகும் இடங்களில் சுவரில் மாட்டியிருக்கும் நோட்டு. வந்து போனதற்குச் சாட்சியாகத் தேதியும் நேரமும் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். ஏழு ஊரில் பிரச்சினையுள்ள முப்பது வீடுகளில் அது தொங்கியது. எல்லாப் பக்கத்திலும் அமலோற்பவத்தின் சாய்ந்த கையெழுத்து, எல்லா வரியிலும் ஒரே வாசகம்: விசேஷம் இல்லை.

"முதல்ல இயந்திரம் அத தப்பாப் புரிஞ்சுக்கிச்சு," என்று நிரஞ்சனா லேசாகச் சிரித்தாள். "இந்த முப்பது வீட்லயும் யாரும் உண்டாகலன்னு போலீஸ் தினமும் பதிவு பண்ணுதுன்னு."

"அது ஒண்ணும் தப்பில்ல," என்றான் பூவலிங்கம். "ஒரு வீட்ல புது மருமக சண்டைக்கே வந்துட்டா. தெனம் வந்து எங்க வீட்ல விசேஷம் இல்லன்னு எழுதிட்டுப் போறீக, எங்க மாமியாளுக்கு நீங்களே எடுத்துக் குடுக்கீகளான்னு."

இதற்கு மட்டும் அமலோற்பவம் சிரித்தாள். பிறகு நிரஞ்சனா தன் கையிலிருந்த தொடுதிரைப் பலகையை அவள் பக்கம் திருப்பினாள். ஒவ்வொரு வரிக்கும் எதிரே, ரோந்து போனவர் ஆம் அல்லது இல்லை என்று விரல் வைக்க வேண்டும். நான் போனதால் இது நின்றது: ஆம். அடிதடிகளுக்கு அவள் மடமடவென்று விரல் வைத்துக்கொண்டே வந்தாள். முப்பத்தேழாவது வரியில் விரல் நின்றது.

ஆவாரங்காடு, கதவு எண் 3/41. ஆறு வருடத்துக்கு முன் ஒரு மே மாதம், பதினேழாம் தேதி. கொலை. ஆதாரங்கள் கீழே வரிசையாக இருந்தன. முந்தின வாரம் அந்த வீட்டுப் பெண்ணுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் நெற்றியில் தையல். அன்று மதியம் அவசர எண்ணுக்கு அந்த வீட்டிலிருந்து ஓர் அழைப்பு, ஆறு நொடியில் துண்டிப்பு. அன்று காலை அவள் கணவன் கொல்லுப்பட்டறையில் அரிவாளுக்குச் சாணை பிடித்து, போன் வழியே கொடுத்த நாற்பது ரூபாய். கடைசியாக, மாலை நாலு மணிக்குப் பட்டாப் புத்தகத்தில் அமலோற்பவத்தின் கையெழுத்து. அன்றிலிருந்து அந்த வீட்டில் ஒன்றுமே இல்லை.

"சேதுராசு," என்றாள் அமலோற்பவம், தனக்குள்.

"பேரு வராது மேடம். கிராம சபையில வாசிக்கிறப்ப கதவு எண் மட்டும்தான்."

"எழுவது வீட்டு ஊருல கதவு எண்ணும் பேரும் ஒண்ணுதாம்மா. வாசிக்காம விட முடியாதா?"

"பொதுப் பணம். சமூகத் தணிக்கையில வாசிச்சே ஆகணும்." நிரஞ்சனா பலகையைப் பார்த்தபடி சொன்னாள். "கொலைக்குத்தான் மேடம் மதிப்பு அதிகம். நாலும் இருந்தா வண்டி ஓடும். மூணுன்னா ஓடாது."

மறுநாள் மாலை ஜீப் ஆவாரங்காட்டுக்குள் நுழைந்தபோது சேதுராசு ஆடுகளை ஓட்டிக்கொண்டு கண்மாய்ப் பக்கம் போயிருந்தான். அவன் மனைவி இருளாயி வாசலில் மிளகாய் வற்றலைக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தாள். நெற்றியில் தையல் போட்ட வடு, பொட்டுக்கு மேல் ஒரு கோடாக நின்றது.

"வாங்க ஏட்டம்மா. என்ன மொகம் வாடிக் கெடக்கு? சாப்ட்டீகளா இல்லையா?"

அமலோற்பவம் தரையிலேயே உட்கார்ந்து, தானும் ஒரு பிடி மிளகாயை எடுத்துக்கொண்டாள். சொல்ல வேண்டியதைச் சுற்றி வளைக்காமல் சொன்னாள். பட்டியல், விரல், கிராம சபை, கதவு எண். இருளாயி கேட்டுக்கொண்டே காம்பு கிள்ளினாள். கை நிற்கவில்லை.

"அக்டோபர் ரெண்டுக்கு வாசிப்பாகளா?"

"ஆமா."

"மகளுக்கு அந்த மாசம் பரிசம் போடப் பேசிக்கிட்டிருக்கோம்." இன்னொரு மிளகாயை எடுத்தபடி, "அன்னிக்கு ஒண்ணும் நடக்கலையே ஏட்டம்மா," என்றாள்.

"நடக்கலைன்னுதான் பணம் தாராக."

"நல்லா இருக்கே கதை. நடந்திருந்தா ஜெயிலு, நடக்கலைன்னா மைக்குல பேரா?"

அமலோற்பவம் ஒரு காம்பைக் கிள்ளிப் போட்டாள். மிளகாய் நெடியில் இருமல் வந்தது. "நான் ரேகை வைக்கலைன்னா வண்டி நின்னுரும் இருளாயி. ஏழு ஊருக்கும். வச்சா ஒன் வீடு சந்திக்கு வந்துரும். என்ன செய்யட்டும், நீயே சொல்லு."

இருளாயி முறத்தைத் தள்ளி வைத்தாள். "நீங்க எப்படி ரேகை வப்பீக? அன்னிக்கு நீங்க வரவே இல்லையே."

"என்ன சொல்ற?"

"மந்திரி வாராகன்னு ஒங்க எல்லாரையும் பந்தோபஸ்துக்குக் கூட்டிட்டுப் போயிட்டாகளே, அன்னிக்கு. மறுநா வந்து ரெண்டு கையெழுத்தாப் போட்டீக. 'நேத்துக்கும் சேத்துப் போட்டுட்டேன், அதிகாரி கேட்டா வந்தேன்னு சொல்லு'ன்னு சொன்னீக. நானும் சரின்னேன்."

அமலோற்பவத்துக்கு நினைவு வந்தது. வெயிலில் எட்டு மணி நேரம் சாலையோரம் நின்றது. மறுநாள் முப்பது வீட்டிலும் இரண்டிரண்டாகக் கையெழுத்துப் போட்டது. எல்லா நிலையத்திலும் எல்லாரும் செய்வது. விட்டுப்போன நாளைப் பேனாவால் அடைப்பார்கள். அதற்குத் தப்பு என்ற பெயரே கிடையாது.

"அப்ப அன்னிக்கு என்னதான் நடந்துச்சு?"

"நான் மகளக் கூட்டிட்டு உள்ள தாப்பாளப் போட்டுக்கிட்டேன். போன் போட்டேன், சத்தம் கேட்ரும்னு பயந்து கட் பண்ணிட்டேன். அவுக அருவாளோட வாசல்ல நின்னாக. கதவ ஒதைக்கல, பேசல. ஜன்னல் வழியாப் பாக்கேன், ரோட்டப் பாத்துக்கிட்டே நிக்காக. மத்தியானத்துலேர்ந்து பொழுது சாயற வரைக்கும். அப்பறம் போயி, அந்தா இப்பத் திரும்ப மொளைச்சு நிக்கே, அந்தக் கருவேல முள்ளு பூராத்தையும் இருட்டுற வரைக்கும் வெட்டுனாக. கையெல்லாம் ரத்தம்." அவள் மறுபடி முறத்தை இழுத்துக்கொண்டாள். "ரெண்டு வருசம் கழிச்சு நானா கேட்டேன், ஏன் நின்னீகன்னு. நாலு மணிக்கு ஏட்டம்மா வண்டி வந்துரும், வந்து புடுங்கிருவாகன்னு நின்னேன்னாக. வண்டி வரல. நின்னு நின்னு வெறி எறங்கிருச்சுன்னாக."

திரும்பி வரும் வழியில் அமலோற்பவம் ஜீப்பை ஓரம் கட்டச் சொன்னாள். நிரஞ்சனா கொடுத்துவிட்டிருந்த பலகையைத் திறந்து, முப்பத்தேழாவது வரிக்கு எதிரே 'இல்லை' என்ற இடத்தில் விரலை வைத்தாள். காரணம் கேட்டது. அவள் எழுதினாள்: 'அன்று நான் போகவில்லை. மறுநாள் முன்தேதியிட்டுக் கையெழுத்துப் போட்டேன். அவர் எங்கள் வண்டிக்காகக் காத்திருந்தார்.'

"அக்கா, என்ன காரியம் செஞ்சீக?" பூவலிங்கம் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்துவிட்டான். "நெசமாவே நாம போயிருந்தா அருவாளக் கீழ போட்டிருப்பான்தானே? ரேகை வச்சா என்ன குடியா முழுகிப் போகும்? மெமோ வரும்க்கா ஒங்களுக்கு."

"வரட்டும்."

"வண்டியும் போகுமே."

"அந்த மனுசன் தன்னால செஞ்ச ஒரே ஒரு நல்ல காரியம் அது பூவலிங்கம். அதையும் நம்ம பேருல எழுதிக்கிட்டு, அவன் பேருல கொலைய எழுதச் சொல்றியா?"

பூவலிங்கம் வண்டியைக் கிளப்பினான்.

மெமோ ஒரு வாரத்தில் வந்தது. ஊதிய உயர்வு நிறுத்தம், மாவட்டத் தலைமையிடத்துப் பழைய கோப்பு அறைக்கு மாறுதல். அதை அவள் எதிர்பார்த்திருந்தாள். எதிர்பாராதது மூன்று வாரம் கழித்து, பொறுப்பை ஒப்படைக்க அவள் இன்னும் நிலையத்தில் இருந்தபோது, நிரஞ்சனாவோடு வந்தது. அவளுடன் காதில் பெரிய கருவி மாட்டிய ஒலிப்பதிவுக்காரர் ஒருவரும் வந்திருந்தார்.

"கிராம சபையில பட்டியல் வாசிக்க மாட்டாங்க மேடம்," என்றாள் நிரஞ்சனா. "இனிமே அது தேவையில்ல."

"நல்லதாப் போச்சு."

"உங்க குறிப்பைத்தான் இயந்திரம் படிச்சுது. வண்டியில இடம் காட்டுற கருவி பொருத்தி மூணு வருஷம் ஆச்சுல்ல? அந்தப் பதிவையும் பட்டாப் புத்தகத்தையும் ஒப்பிட்டுப் பார்த்துச்சு. கையெழுத்து இருக்கு, வண்டி போகல. அப்படி நானூத்திப் பன்னிரண்டு நாள்."

அமலோற்பவம் தலையைக் குனிந்துகொண்டாள்.

"உங்களைக் குறை சொல்லல. அந்த நானூத்திப் பன்னிரண்டு நாள்லயும் ஒண்ணும் நடக்கல மேடம். வண்டி வந்த நாளுக்கும் வராத நாளுக்கும் வித்தியாசமே இல்ல. வண்டி வரும்னு அவங்க நம்பினாலே போதும்னு முடிவு சொல்லிருச்சு." நிரஞ்சனாவின் குரல் தாழ்ந்தது. "நாலாவது வழின்னு பேரு வச்சிருக்காங்க. செலவே கிடையாது."

ஏழு ஊரிலும் விளக்குக் கம்பங்களில் சின்னச் சாம்பல் நிறப் பெட்டிகள் வைப்பார்கள். தினமும் நாலு மணியை ஒட்டி, கொஞ்சம் முன்னே பின்னே, ஊருக்கு வெளியே தார்ச்சாலையில் ரோந்து ஜீப் போகும் சத்தம் கேட்கும். சீமைக் கருவேல மறைப்பில் சாலை யாருக்கும் தெரியாது. பட்டாப் புத்தகங்களை எடுத்துவிடுவார்கள். எல்லாம் கணினிமயம் என்று சொன்னால் போதும். ஜீப் ஏலத்துக்குப் போகும். அதற்குமுன் அதன் சத்தத்தைப் பதிவு செய்துகொள்ள வேண்டும்.

"யாராவது ஒருத்தி நெசமா கூப்ட்டா?"

"அவசர எண் இருக்கு. டவுன்லேர்ந்து வண்டி வரும்."

"எவ்வளவு நேரத்துல?"

"ஐம்பது நிமிஷம்." நிரஞ்சனா எழுந்து ஜன்னல் பக்கம் போனாள். "நான் எதிர்த்து எழுதினேன் மேடம். நம்புங்க."

அமலோற்பவம் நம்பினாள். தானும் ஒரு மனு எழுதினாள். மேலதிகாரியிடம் நேரில் கொடுத்தாள். முன்தேதியிட்டுக் கையெழுத்துப் போட்டவளின் மனு என்று அதன் ஓரத்தில் பென்சிலால் குறித்திருந்ததைப் பிறகு ஒருநாள், தான் வேலை பார்க்கும் கோப்பு அறையிலேயே அவள் பார்த்தாள்.

நிரஞ்சனா வந்த அன்றே நிலையத்துக்கு வெளியே ஒலிப்பதிவு நடந்தது. கியர் மாற்றும் முனகல், பள்ளத்தில் இறங்கி ஏறும் தடதடப்பு, வயர்லெஸ் கரகரப்பு. பூவலிங்கம் இறங்கி வந்தான். "என் இருமலும் வேணுமாம்க்கா. அப்பத்தான் ஆளு இருக்குற மாதிரி இருக்குமாம். ரெண்டு தரம் இருமிக் காட்டுனேன். நல்லா இருக்குன்னாரு. பதினாறு வருச சர்வீஸுல மொதத் தடவ ஒருத்தன் நல்லா இருக்குன்னு சொல்லியிருக்கான்."

அக்டோபர் இரண்டு கிராம சபையில் தீர்மானம் கைதட்டலோடு நிறைவேறியது. அதில் 'ஒலிசார் ரோந்துச் சேவை' என்று ஒரு சொல் இருந்தது. அது என்ன என்று யாரும் கேட்கவில்லை. இலவசம் என்பது மட்டும் எல்லாருக்கும் கேட்டது.

கோப்பு அறையில் தூசிக்கு நடுவே மூன்று மாதம் ஓடியது. வெளியே சொல்லக் கூடாது என்று அமலோற்பவத்திடம் எழுதி வாங்கியிருந்தார்கள். வேலையில் இருக்கும்வரை ஓய்வூதியம் அவர்கள் கையில். இருந்தாலும் ஒவ்வொரு நாளும் சுவர்க் கடிகாரத்தில் நாலு ஆகும்போது, வாசலில் அரிவாளோடு நிற்கும் ஓர் ஆளும் தாழ்ப்பாளுக்கு உள்ளே இரண்டு பெண்களும் அவள் கண்முன் வந்தார்கள். பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமை, சேலை கட்டிக்கொண்டு, இரண்டு பஸ் மாறி ஆவாரங்காட்டில் இறங்கினாள். எழுதிக் கொடுத்தது போகட்டும், இருளாயிக்கு மட்டுமாவது சொல்லிவிட வேண்டும். வெறும் சத்தத்தை நம்பி அவள் கதவைத் திறந்து போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கக் கூடாது.

சேதுராசு ஆட்டுக் கொட்டிலில் தீனிக்கு இலைக் குழை கட்டிக்கொண்டிருந்தான். தலை நரைத்திருந்தது. "வாங்க ஏட்டம்மா, மகளுக்குப் பரிசம் போட்டாச்சு, வர்ற மாசியில கல்யாணம். கண்டிப்பா வரணும்," என்றான். "போங்க, உள்ளதான் இருக்கா."

இருளாயி அடுப்பில் பாலை ஏற்றினாள். அமலோற்பவம் சுவரைப் பார்த்தாள். பட்டாப் புத்தகம் தொங்கிய ஆணியில் ஒரு மஞ்சள் பை மாட்டியிருந்தது.

"இருளாயி, ஒரு விசயம் சொல்லத்தான் வந்தேன். அந்த நாலு மணி வண்டி..."

"வண்டி இல்ல. தெரியும்."

அமலோற்பவம் அவளைப் பார்த்தாள்.

"ஒங்க டிரைவர் தம்பி ரெண்டு இருமல் இருமும், ஒரு கனைப்பு கனைக்கும். தெனம் அதே ரெண்டு, அதே கனைப்பு. மனுசன் அப்படியா இருமுவான் ஏட்டம்மா? அந்த முள்ளுக்குப் பின்னாடி போயி நின்னு பாத்தேன். சத்தம் போகுது, ரோடு வெறிச்சுன்னு கெடக்கு." அவள் குரலைத் தாழ்த்தினாள். "அவுகளுக்குத் தெரியாது. சொல்லிராதீக. சத்தம் கேட்டா எந்திரிச்சு, சட்டையப் போட்டுக்கிட்டு வாசல்ல வந்து நிப்பாக. அது போற வரைக்கும் நிப்பாக. அன்னிக்குப் பூராவும் அப்பறம் ஒண்ணும் இல்ல. மகள் கல்யாணம் முடியட்டும். ஒங்களக் கையெடுத்துக் கும்புடுதேன்."

அமலோற்பவம் சொல்ல வந்தது இப்படித் தீர்ந்துபோனது. டம்ளரை வாங்கிக்கொண்டு வாசலுக்கு வந்து நிலைப்படியில் உட்கார்ந்தாள். முழங்கால் வலித்தது. வெயில் மஞ்சளாகிக்கொண்டிருந்தது.

நாலுக்குக் கொஞ்சம் முன்பே சத்தம் எழுந்தது. அவளுக்கே ஒரு கணம் உடம்பு நிமிர்ந்தது. ஒன்பது வருடம் அவள் உட்கார்ந்து போன வண்டி. மூன்றாவது கியருக்கு மாறும்போது வரும் அந்த முனகல். தூரத்திலிருந்து நெருங்கி, கருவேல மறைப்புக்குப் பின்னால் ஊர்வதுபோல் அது வந்தது.

சேதுராசு குழையைக் கீழே போட்டான். கொடியில் கிடந்த சட்டையை எடுத்து மாட்டி, மேல் பித்தான்வரை போட்டுக்கொண்டான். வாசலுக்கு வந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான். வண்டிச் சத்தம் கேட்டால் எவரும் சாலைப் பக்கம்தான் பார்ப்பார்கள். சேதுராசு சாலையைப் பார்க்கவில்லை. கொட்டிலுக்கு அருகே நின்ற விளக்குக் கம்பத்தை அண்ணாந்து, அதிலிருந்த சாம்பல் நிறப் பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

இரண்டு இருமல் கேட்டது. ஒரு கனைப்பு. சத்தம் தேய்ந்து, அடங்கியது. அதன் பிறகும் கொஞ்ச நேரம் அவன் அசையவில்லை. பிறகு அமலோற்பவம் தன்னையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டான். வீட்டுப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, அவளிடம் சொல்ல வேண்டாம் என்பதுபோல் தலையை லேசாக அசைத்தான்.

"இந்தா, வண்டி போயிருச்சு," என்று வீட்டுக்குள் கேட்கும்படி சொன்னான்.

"ஆமா, கேட்டுச்சு," என்றாள் இருளாயி உள்ளேயிருந்து.